விரலைக் கடிக்காத மூட்டு

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் உங்களில் ஒருவர் பழைய ஜீப்பின் படம் ஒன்றைப் போட்டிருந்தார். ஏதோ கண்காட்சியில் எடுத்தது. பளபளவென்று பச்சை வர்ணம் அடித்து, முன்பக்கம் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொருவர், 'நம்ம தெருவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வருமே, தண்ணியப் போட்டுட்டு உப்புப் பாத்திக்குள்ள விட்டாரே ஒரு டிரைவர்' என்று எழுதினார். உடனே வரிசையாகச் சிரிப்பு மூஞ்சிகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அந்த டிரைவரின் இளைய மகள் இதே குழுவில்தான் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியும் சிரித்தீர்களோ என்னவோ, யார் கண்டது.

குழுவை விட்டு வெளியேறத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, எதற்கு வெளியேற வேண்டும், ஐம்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதாதா என்று ஆகிவிட்டது. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. மருந்து டப்பா இல்லாமல் வெளியூர் போக முடியவில்லை. இனி யாருக்குப் பயந்து எதை மூடி வைக்க? எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு வேண்டுமானால் இன்னும் நாலு மூஞ்சி போடுங்கள்.

அந்த ஜீப் எங்கள் அப்பாவுடையது அல்ல, உப்பள முதலாளியுடையது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது முதலாளியின் தகப்பனார் எடுத்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்பதால், வேறு எந்த வண்டியும் புதைந்துபோகும் உப்பள வரப்பில் அது ஏறி இறங்கும். காலையில் குடிதண்ணீர் டிரம்மையும் கணக்கப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அப்பா போவார். சாயங்காலம் திரும்பும்போது வண்டியும் அவரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். புருவத்தில்கூட உப்பு பூத்திருக்கும்.

டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. சனிக்கிழமை மதியம் வண்டியைத் தெருவுக்கே கொண்டுவந்துவிடுவார். திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வலை காயப்போடும் காலி மனை ஒன்று இருந்ததே, அங்கேதான் அதற்கு வைத்தியம் நடக்கும். உப்பு, இரும்பை விடாது. ஆறு நாளில் மூட்டு மூட்டாக வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். அதை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

"குடிக்கிற தண்ணிக்கு நாலு தெரு அலையுதேன். ஒங்க வண்டிக்கு வேற குளிப்பாட்டணுமாக்கும்?" என்பாள் அம்மா.

"அது குளிக்கலன்னா நாம கஞ்சி குடிக்க முடியாதுளா" என்பார் அப்பா. அம்மா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பாள்.

கழுவிய பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். கிரீஸ் ஏற்றும் துவாரங்களில் உப்பு அடைத்திருந்தால் அம்மாவிடம் ஊக்கு வாங்கிக் குத்தி எடுப்பார். ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய கிரீஸ் வைத்திருந்தார். அந்த வாடை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மூடியில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். அந்த டின் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடைசியாகத்தான் ஸ்டியரிங். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது புரியாவிட்டால் மற்றது புரியாது. முன்சக்கரம் இரண்டும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக அவற்றைக் கம்பிகளால் இணைத்திருப்பார்கள். டை ராட் என்று பெயர். கம்பியின் நுனியில் மூட்டு இருக்கும், ஒரு கிண்ணத்துக்குள் குண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. உப்பும் மணலும் உள்ளே போனால் கிண்ணம் தேயும், குண்டு ஆடும். ஆட்டம் முற்றினால் ஒருநாள் குண்டு கழன்று வெளியே வந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் நம் கையில் சுற்றும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரே ஒரு முறைதான் உண்டு. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்ட வேண்டும். அவர் கீழே மல்லாந்து படுத்து, விரலைப் பாதி கிண்ணத்தின் மேலும் பாதி அதற்கு மேலே இருக்கும் இரும்பின் மேலுமாக வைத்துக்கொள்வார். மூட்டில் ஆட்டம் இருந்தால் இரண்டுக்கும் இடையில் விரல் நசுங்கும். 'கடிக்கு' என்பார். கடித்தால் மாற்ற வேண்டும். கடிக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பட்டாளத்து டிரைவரிடம் படித்த பாடம் அது. கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று சொல்லியிருந்தாராம் அந்த மனுஷன். நாசமாய்ப் போனவன்.

மேலே உட்கார்ந்து ஆட்டுவது அம்மா. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறுவாள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"ஏளா, ஆத்தாடி, எங்கன கிளம்பிட்ட? மதுரைக்கா?"

"ஒன்ன ஏத்திக்கிட்டுத்தான் போணும்னு காத்துக் கெடக்கேன். வந்து ஏறுளா!"

அம்மாவுக்கு அந்த நேரம் முகமே வேறாக இருக்கும். அவள் வண்டி ஓட்ட ஆசைப்பட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்த வருஷம், சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட வருஷங்களில் ஒன்று. எனக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை, நல்ல குடும்பம். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அந்தக் கோடையில்தான் அப்பாவின் விரல்கள் செத்துப்போயின.

எங்களுக்கு அது தெரியாது. அம்மா வெகுகாலம் கழித்துச் சொல்லித்தான் தெரியும். நாங்கள் கண்டது வேறு. ஒருநாள் குசினியில் கொதிக்கிற சோற்றுப் பானையை அப்பா துணி இல்லாமல் அப்படியே இரண்டு கையாலும் இறக்கி வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போய், 'எங்கப்பாவுக்குத் தீ சுடாது தெரியுமா' என்று அளந்துவிட்டேன். சாயங்காலம் அது அம்மா காதுக்கு வந்தது. என்றைக்கும் கை நீட்டாதவள் அன்று விளக்குமாற்றால் அடித்தாள். எதற்கு அடிக்கிறாள் என்றே புரியவில்லை, அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

அப்பாவுக்கு முதுகில் ஒரு வெளுத்த தேமல் இருந்தது. அதில் அரிப்பு இல்லை, உணர்ச்சியும் இல்லை. பிறகு வலதுகை விரல்களும் மரத்துப்போயின. அவருக்கும் அம்மாவுக்கும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. நம் ஊரில் குஷ்டம் என்று அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பெரிய வியாதி என்பார்கள். மாத்திரை இருந்தது, சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் எழுதுவார்கள், வீடு தேடி வருவார்கள், பிள்ளைகளின் முதுகைத் திறந்து பார்ப்பார்கள்.

அதில் என்ன தப்பு என்று இப்போது கேட்பீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, சந்து முனையில் ஒரு குடும்பம் இருந்ததே? அவர்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துப் பைக்காரர்கள் இருவர் வந்து போனார்கள். மறுநாளே கிணற்றடியில் அவர்கள் வாளியை யாரோ மிதித்து நசுக்கினார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு மீனை யாரும் வாங்கவில்லை. அந்த வீட்டுக் கடைசிப் பையன் நம் வகுப்புதான். அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து நாமெல்லாம் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தோம். நானும்தான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ராவோடு ராவாக அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இதையெல்லாம் குழுவில் யாரும் எழுதவில்லையே, ஏன்?

அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூத்த மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் வெளியே தெரியக் கூடாது, முடிந்த மறுநாளே போய் மாத்திரை வாங்கிக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். நாலு மாதம்தானே என்று நினைத்திருக்கிறார்கள். நாலு மாதத்தில் அந்த மூட்டு என்ன செய்யும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஏனென்றால் சனிக்கிழமை வைத்தியம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அப்பா கீழே படுப்பார், விரலை வைப்பார். அம்மா ஸ்டியரிங்கை ஆட்டுவாள்.

"கடிக்கா?"

"கடிக்கல."

வாராவாரம் கடிக்கவில்லை. எப்படிக் கடிக்கும்? கடித்தாலும் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அம்மாவின் கைக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டக்'கென்று ஒரு தட்டல் உள்ளங்கைக்கு வந்தது.

"ஏங்க, கைக்கு என்னமோ தட்டுது. முன்ன இப்படி இல்ல" என்றாளாம்.

"ஒண்ணுமில்ல. கடிக்கல."

அம்மா இறங்கி வந்து குனிந்தாள். "நா வேணா கீழ படுத்து வெரல வச்சுப் பாக்கட்டுமா?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பொம்பள நடுத்தெருவுல வண்டிக்கு அடியில போய்ப் படுக்கவா? ஊரு சிரிக்கும்."

அதோடு அம்மா விட்டுவிட்டாள். அழுத்திக் கேட்டால், உங்கள் விரல் செத்துப்போச்சு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாளாம். சீட்டில் ஏறி உட்கார்ந்தால் சிரிக்காத ஊர், அடியில் படுத்தால் சிரிக்குமாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். என் கை சின்னது, எங்கேயும் நுழையும். ஏன் என்று நான் கேட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார்கள்.

நானும் அந்த நேரம் வீட்டில் இருப்பதில்லைதான். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வருஷம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பு. ஒரு சனிக்கிழமை மட்டும் வகுப்பு சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் வரும்போது அப்பா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல், "கடிக்கல, இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்து அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பசிக்கிறது என்றேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம், கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற சமயத்தில் அது நடந்தது. அப்பா காலையில் தண்ணீர் டிரம்மோடு வரப்பில் போய்க்கொண்டிருக்கிறார். எதிரே பெட்டியில் உப்புச் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையாக வருகிறார்கள். வழக்கமாக அவர் ஒதுக்குவார், அவர்களும் ஒதுங்குவார்கள். அன்றைக்கு அவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, வண்டி ஒடியவில்லை. குண்டு கழன்றுவிட்டது. சக்கரம் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் பார்த்தபடி ஜீப் வரப்பிலிருந்து சரிந்து உப்புப் பாத்திக்குள் இறங்கியது. கடைசியாக வந்த பெண்ணின் வலதுகால் வண்டிக்கும் வரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உப்புத்தண்ணீர் அந்தக் காயத்தில் பட்டபோது அவள் போட்ட சத்தம் சாகிற வரைக்கும் அப்பாவுக்குத் தூக்கத்தில் கேட்டதாம்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு ஜோடி மாடு கட்டி ஜீப்பை இழுத்துக்கொண்டுவந்து எங்கள் தெருவில், அந்தக் காலி மனையிலேயே போட்டார்கள். முதலாளி வந்தார். கூடவே துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். தெருவே கூடி நின்றது. நீங்களும் நின்றீர்கள். ஒருவர் வேப்பமரத்தில் ஏறிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மெக்கானிக் கீழே படுத்தார். கழன்ற மூட்டைப் பார்த்தார். பிறகு கழலாமல் இருந்த மற்றப் பக்கத்து மூட்டில் விரலை வைத்து, "ஸ்டியரிங்க ஆட்டுங்க யாராவது" என்றார். முதலாளி கையை உள்ளே விட்டு ஆட்டினார். "ஆ!" என்று கத்திக்கொண்டு மெக்கானிக் கையை உதறினார்.

"யப்பா! என்னா கடி கடிக்கு! அண்ணாச்சி, இது ரெண்டு மாசமா கடிச்சிருக்கணுமே. வாராவாரம் வெரல வச்சுப் பாப்பியளே, ஒங்களுக்குத் தெரியலயா?"

முதலாளிக்கு முகம் மாறியது.

"ஏலே, அவனக் கடிச்சது ஒன்ன ஏன் கடிக்கல? கையக் கொண்டால பாப்போம்."

அப்பா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா உள்ளே கல்யாணச் சேலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் முதல் ஓலை வாசித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் வாசித்திருந்தார். இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி.

"குடிச்சிருந்தேன் மொதலாளி" என்றார் அப்பா.

"என்னது?"

"கொஞ்ச நாளா சனிக்கிழமையானா குடிச்சிருதேன். வண்டிக்கு அடியில போய்ச் சும்மா படுத்துக் கெடந்துட்டு எந்திச்சு வந்துருவேன். மூட்டப் பாக்கவே இல்ல. நேத்தும் குடிச்சிருந்தேன்."

முதலாளி பளாரென்று ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. கூட்டத்தில் ஒருவர், "நெனச்சேன், நடக்கயிலேயே தெரியுமே" என்றார். என்றைக்கும் குடிக்காத மனுஷனின் நடையில் என்னத்தைக் கண்டாரோ.

அந்தப் பொய் எல்லாருக்கும் வசதியாக இருந்தது, அதுதான் கொடுமை. பழைய வண்டி, தேய்ந்த மூட்டு என்றால் முதலாளி அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். குடிகாரன் இடித்தான் என்றால், அதற்கு அவர் என்ன செய்வார் பாவம்! டிரைவரை வேலையைவிட்டு நிறுத்தியதோடு கைகழுவிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் பலகை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, தெனமும் ஒங்க கையாலதான் தண்ணி வாங்கிக் குடிச்சேன். ஒருநாளுகூட ஒங்ககிட்ட வாட வந்ததில்லயே. நெசமாவே குடிச்சிருந்தியளா?"

"குடிச்சிருந்தேன்ம்மா."

"அப்ப எங்காலு போனதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வயதுக்கு மேலும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லுவேன். எங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு அந்தப் பெண் தன் காலைக் கொடுத்தாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

பொய் சொன்னால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா? அதற்குப் பிறகு அப்பா வாரம் ஒருமுறை சாராயக் கடைக்குப் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சட்டையிலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டு தெருவழியே தள்ளாடி வருவார். இதையும் அம்மாதான் பின்னால் சொன்னாள். அன்றைக்கு நான் கண்டது ஒரு குடிகாரனை. பள்ளிக்கூடத்தில் நீங்கள் அவர் நடையை நடித்துக் காட்டினீர்கள். எங்களைத் தொடுவதையும் அவர் நிறுத்தியிருந்தார். முன்பெல்லாம் என் தலையைக் கோதிவிட்டுத்தான் காலையில் வண்டி எடுப்பார். இப்போது நான் பக்கத்தில் போனாலே எழுந்து வெளியே போய்விடுவார். போதை தெளியவில்லை, பெற்ற பிள்ளையைக்கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புதுநன்மை அன்று வெள்ளை கவுனோடு வந்து ஸ்தோத்திரம் சொன்ன என்னை அவர் கை நீட்டி ஆசீர்வதிக்காமல் தூர நின்று தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து அவரை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அக்கா கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசினார்கள். "தகப்பன் குடிப்பான்னா நமக்கென்ன, பொண்ணா குடிக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "குடும்பத்துல வேற வியாதி வெக்க ஒண்ணும் கெடையாதுல்லா? அதான் வேணும்."

"ஒண்ணும் கெடையாது" என்றாள் அம்மா.

கல்யாணப் பூசை முடிந்தது. கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட அழைத்தார்கள். மாப்பிள்ளை, அக்கா, பிறகு இரண்டு தகப்பன்மார். அறையில் நிறையப் பேர். மாப்பிள்ளையின் அப்பா போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். அப்பா வாங்கினார். பேனா நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், புத்தகத்தின் மேல் வைத்தார், மறுபடியும் விழுந்தது. விரலுக்குப் பேனா இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை அவருக்கு. ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த துணியும் அவிழ்ந்துவிட்டது. இரண்டு மாதமாக ஆறாத புண்.

"என்ன சம்மந்தி, வெரல்ல பேனா நிக்க மாட்டேங்கு?" மாப்பிள்ளையின் அப்பா குனிந்தார். "அதென்ன புண்ணு? இங்கன காட்டுங்க கைய."

சாமியாரும் நிமிர்ந்து பார்த்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் ஏதோ தெரிந்திருந்ததா, கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை. அப்பா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் அந்த மனுஷர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோயிலுக்குள்ளேகூட இந்த ஆள் மானத்தை வாங்குகிறாரே என்று. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கத்தினேன்.

"குடிகாரன் கை நடுங்காம என்ன செய்யும்? குடிச்சிட்டு எங்கனயாவது விழுந்து எந்திச்சு வந்த புண்ணுதான் அது! மக கல்யாணத்தன்னைக்காவது குடிக்காம வரக் கூடாதா? நீரெல்லாம் ஒரு தகப்பனா? வெளிய போரும்!"

பதினொரு வயதுப் பிள்ளை பெற்ற தகப்பனைப் 'போரும்' என்றதும் எல்லாரும் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்துவிட்டார். "சின்னக்குட்டி போடு போடுன்னு போடுதாளே!" என்று மணிக்கட்டை விட்டுவிட்டார். அம்மா மைப்பெட்டியை நகர்த்தினாள். அப்பா கட்டைவிரலை அமுக்கிக் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, அவமானமும் இல்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். வெட்கம் கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரமே திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேறு பேர், வேறு ஊர் சொல்லி மாத்திரை வாங்க ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவார். வெளியூரில் போய்க் குடிக்கிறார் என்று தெரு பேசியது, நானும் அப்படித்தான் நினைத்தேன். வியாதி குணமாகிவிட்டது, விரல் திரும்பவில்லை. ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தார். ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் அவரோடு இருந்தேன். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளியிருக்கிறேன். செத்தபோது ஊருக்காக அழுதேன்.

அவர் போய்ப் பதினோரு வருஷம் கழித்து, அம்மா என் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு நாள் மத்தியானம் மீன் கழுவிக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். தேமல், பானை, ஸ்டியரிங்கில் வந்த தட்டல், சாராயம் தெளித்த சட்டை, ஒன்று விடாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒங்கப்பா என்ன சொன்னாவ தெரியுமா?" என்றாள் அம்மா. "'சின்னவ மட்டும் அன்னேரம் வாயத் தொறக்கலன்னா மூத்தவ வாழ்க்க அங்கனயே முடிஞ்சிருக்கும். எல்லாந் தெரிஞ்சுதாம்ளா அப்படிச் சத்தம் போட்டிருக்கா. எம்புட்டுக் கெட்டிக்காரி பாத்தியா'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாவ. சாவுற வரைக்கும் அதேதான். நீ பேசாம மொகத்தத் திருப்பிட்டுப் போறதெல்லாம்கூட ஊருக்குக் காட்டுத நடிப்புன்னுதான் சொல்லுவாவ. 'எனக்காகப் பிள்ள எவ்வளவு கஷ்டப்படுதா'ம்பாவ."

கழுவிய மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏளா, ஒனக்கு அப்பவே தெரியுந்தான?"

"தெரியும்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குக் கோயிலில் நான் மனசாரத்தான் சொன்னேன்.